கிலோ ஒன்பதாயிரம் ரூபாய்க் காபி

எங்கள் வீட்டில் காபி விஷயத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. நான் போட்டால் பால் சரியாகக் காயவில்லை என்பாள் மனைவி. அவள் போட்டால் சர்க்கரையில் கஞ்சத்தனம் என்பேன் நான். அடுத்த வீட்டுக் காபி மட்டம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில், புனேயில் வேலை பார்க்கும் மகள் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். “அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் கேப்ஸ்யூல் காபி மெஷின் ஒண்ணு வாங்கித் தரேன். கேப்ஸ்யூலைப் போட்டு பட்டனை அமுக்கினா போதும், ஒரே நிமிஷம். சண்டையே வராது.”

சண்டை போய்விட்டால் காலை ஏழு மணிக்கு நாங்கள் வேறு என்னதான் பேசுவது என்று அந்தப் பிள்ளை யோசிக்கவில்லை.

மும்பைக்குப் பக்கத்து உல்லாஸ்நகரில் குடியிருந்துகொண்டு ஒரு மின்சாதனத்தை நாலு பேரிடம் விசாரிக்காமல் வாங்குவது ஊருக்குச் செய்கிற அவமரியாதை. இந்த ஊரின் வரலாறே வியாபாரம். இரண்டாம் உலகப்போருக்காக ராணுவம் கட்டிவிட்டுப் போன கல்யாண் முகாமில், பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1949 ஆகஸ்டில் அதை நகரமாக்கி, பக்கத்தில் ஓடும் உல்லாஸ் நதியின் பெயரை வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. பெயர் வைத்ததோடு தமிழனின் பங்கு முடிந்தது. மற்றதையெல்லாம் சிந்திக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்பளம், மிட்டாய், ஜீன்ஸ், மரச்சாமான், மின்சாமான் என்று இங்கே செய்யாத பொருள் கிடையாது. ஒரு காலத்தில் எல்லாவற்றிலும் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று அச்சடித்திருக்குமாம். அதட்டிக் கேட்டால், ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்று விரித்துச் சொல்வார்களாம். இந்தக் கதையை வெளியூர்க்காரர்களைவிட சிந்திக்காரர்களே அதிகச் சந்தோஷத்தோடு சொல்வார்கள்.

மேல்மாடியில் குடியிருப்பவரும் சிந்திக்காரர்தான். மின்சாமான் கடை வைத்திருக்கிறார். என்னை அண்ணா என்பார், நான் அவரை சாயீ என்பேன். மெஷினைப் பற்றிக் கேட்டதும் கால்குலேட்டரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு இந்தியில் விளக்கினார். அதன் சாரம் இது: “அண்ணா, மெஷின் கல்யாணச் செலவு. கேப்ஸ்யூல் குடும்பச் செலவு. கல்யாணத்துக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.”

குடும்பச் செலவைக் கணக்குப் போட்டோம். கேப்ஸ்யூலுக்குள் இருப்பது ஐந்தரை கிராம் அளவுக்குக் காபித்தூள். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் தூள் கிலோ ஒன்பதாயிரம் ரூபாய் ஆகிறது. சாயீ கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, தானும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். இப்படி ஒரு லாபம் தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற ஏக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

நாங்கள் மாட்டுங்காவில் வாங்குகிற தூளுக்குக் கிலோ எண்ணூறு என்றே வைத்துக்கொள்வோம். டம்ளருக்குப் பத்து கிராம் தாராளமாகப் போட்டாலும் எட்டு ரூபாய். வருவோர் போவோரைச் சேர்த்து நாளைக்கு ஆறு டம்ளர் என்றால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிறது. கேப்ஸ்யூலில் இதே ஆறுக்கு ஒன்பதாயிரம். பால், சர்க்கரை இரண்டுக்கும் பொது. மெஷினின் விலை தனி. தூள் வாங்க உல்லாஸ்நகரிலிருந்து ஸ்லோ லோக்கலில் மாட்டுங்கா வரை போய்வரும் கட்டணத்தைச் சேர்த்தாலும், திரும்பும்போது 1940-இலிருந்து நடக்கிற கஃபே மெட்ராஸில் வரிசையில் நின்று ராகி தோசை சாப்பிட்டதைச் சேர்த்தாலும், ஒன்பதாயிரத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. தோசைச் செலவை மனைவிக்குத் தெரியாமல்தான் சேர்த்தேன்.

மெஷினைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதைக் கண்டுபிடித்தவர் கதை எனக்குப் பிடித்த கதை. எரிக் ஃபாவ்ர், நெஸ்லே கம்பெனியில் வேலை பார்த்த ஸ்விஸ் பொறியாளர். மனைவி இத்தாலிக்காரர். ஸ்விஸ்காரர்களுக்குக் காபி போடத் தெரியாது என்று அந்த அம்மாள் கேலி செய்ய, இவர் ரோமாபுரிக் காபிக் கடையில் போய் நின்று எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து ஆராய்ச்சியில் இறங்கினார். 1976-இல் காப்புரிமை, 1986-இல் நெஸ்பிரெஸ்ஸோ என்ற பெயரில் விற்பனை. மனைவி சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல ஒரு பன்னாட்டுக் கம்பெனியும் பத்து வருடமும் தேவைப்பட்டிருக்கின்றன. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், “சரி, நீயே போடு” என்று பேப்பரை விரித்திருப்பேன். உலகத்துக்கு ஒரு மெஷின் குறைந்திருக்கும்.

நம் நாட்டுக்கு அது முறையாக வந்து சேர அப்புறமும் ஏறக்குறைய நாற்பது வருடம் பிடித்தது. டெல்லியில் முதல் நெஸ்பிரெஸ்ஸோ கடை திறந்ததே 2025-இல்தான். ஆனால் முக்கியக் காப்புரிமைகள் 2012 வாக்கிலேயே காலாவதியாகி, அந்த மெஷினுக்குள் பொருந்துகிற கேப்ஸ்யூலை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. ஐரோப்பாவில் மளிகைக் கடைகள்கூடச் சொந்தமாகக் கேப்ஸ்யூல் விற்கின்றன. இதைக் கேட்டதும் சாயீயின் முகத்தில் ஒரு பெருமிதம். உலகம் தாமதமாகவேனும் தங்கள் வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

மகளிடம் விலையைச் சொல்லி மறுத்தால், “காசு பாக்காதீங்கப்பா, அம்மாவுக்கு வேலை மிச்சம்” என்பாள். ஆகவே வேலைக் கணக்கையும் பார்த்தோம். மெஷின் என்ன செய்கிறது? உள்ளே வைத்த கேப்ஸ்யூலைக் குத்தி ஓட்டைபோட்டு, சுடுதண்ணீரைப் பம்பு வைத்து அழுத்தி, நாற்பது மில்லி அளவுக்குக் கெட்டியான காபியை இறக்குகிறது. அதாவது, டிக்காஷன் இறக்கித் தருகிறது. இங்கேதான் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

“டிக்காஷன் எறக்குறது ஒரு வேலையா?”

யோசித்துப் பார்த்தால் வீட்டில் யாரும் செய்யாமல் தானாக நடக்கிற ஒரே வேலை அதுதான். ராத்திரி பில்டரில் தூளைப் போட்டு, தட்டை வைத்து லேசாக அமுக்கி, வெந்நீரை ஊற்றி மூடிவிட்டுப் படுத்தால், நாம் குறட்டை விடுகிற நேரத்தில் அது சொட்டுச் சொட்டாகத் தன் கடமையைச் செய்துவிடும். கரண்டு வேண்டாம். ஆயிரத்து இருநூறு வாட்டுக்கு மேல் இழுக்கிற ஒரு சாமானை, மின்வெட்டுக்குப் பேர்போன ஊரில் காலை ஏழு மணிக்கு நம்பியிருக்க வேண்டாம். மெய்யான வேலை பாலில் இருக்கிறது. காய்ச்ச வேண்டும், பொங்காமல் பார்க்க வேண்டும், ஆற்ற வேண்டும், பிறகு அந்தப் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டும். இது எதையும் மெஷின் தொடாது. பாலை நுரைக்க வைப்பதற்குத் தனியாக இன்னொரு கருவி, அதற்குத் தனியாக இன்னொரு விலை.

போதாக்குறைக்கு அந்தக் காபியில் சிக்கரி கிடையாது. காபி ரசிகர்கள் சிக்கரி என்றதும் முகம் சுளிப்பார்கள். ஆனால் குஜராத்தில் விளைகிற அந்த வேரை வறுத்து அரைத்து இருபது சதவீதம் சேர்த்தால்தான் டிக்காஷனுக்குப் பாலை எதிர்த்து நிற்கிற உடம்பு வரும். நம் டம்ளரில் முக்கால் பங்கு பால். கேப்ஸ்யூல் காபி பாலில்லாமல் குடிக்கிறவர்களுக்காகப் பிறந்தது. அதில் நம் அளவுக்குப் பாலை ஊற்றினால் வருகிற பானத்தை விருந்தாளிகள் “நல்லாயிருக்கு” என்பார்கள், பாதியில் வைத்துவிடுவார்கள்.

விருந்தாளி என்றதும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். பில்டரின் பலவீனம் சாயங்காலம் நாலு மணி. சொல்லாமல் ஒருவர் வந்து நிற்பார், டிக்காஷன் தீர்ந்திருக்கும், புதிதாக இறங்க அரை மணி ஆகும். அந்த நேரத்தில் மெஷின் மானத்தைக் காப்பாற்றும். ஆனால் நம் வீடுகள் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. இரண்டாம் டிக்காஷன். சம்பந்தி வந்தால் முதல் டிக்காஷன். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலும் இரண்டும் கலந்தது. பாலிசி எடுக்கச் சொல்லி வருகிறவருக்கு முழுக்க இரண்டாவது, அதுவும் டவராவில்லாமல். ஒரு வார்த்தை பேசாமல், நீங்கள் எங்களுக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதை நிறத்திலேயே சொல்லிவிடுகிற இந்த ஏற்பாட்டை ஸ்விஸ் பொறியாளர் எவரும் யோசித்ததில்லை. மெஷின் வந்தால் எல்லாருக்கும் ஒரே காபி. பாலிசிக்காரர் மறுபடியும் வருவார்.

இந்தச் சமயத்தில் தாராவியிலிருந்து மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். பதின்மூன்றாவது காம்பவுண்டில் பழைய அலுமினியம் எடுத்து உருக்கி விற்கிற தொழில். அவருக்கு முதல் டிக்காஷன். விஷயத்தைக் கேட்டதும் அவர் காபியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “டப்பா எதுல செய்யுதாவ?” என்றார். அலுமினியம் என்றேன். எடை? ஒரு கிராம் இருக்கும். மச்சான் கண்ணை மூடித் திறந்தார்.

“கிலோ அலுமினியம் சேரணும்னா ஆயிரம் டப்பா. அம்பதாயிரம் ரூவாய்க்குக் காப்பி குடிக்கணும், மாப்ள. அதுலயும் உள்ள ஈரச் சக்கை கெடக்கும். அதைத் தோண்டி எடுக்க ஆள் கூலி. பழைய சாமான் எடுக்குற பங்கார்வாலா வாங்க மாட்டான். சும்மா குடுத்தாலும் யோசிப்பான்.”

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகராட்சி 2016-இல் இதே குப்பைக் காரணத்துக்காக அரசுக் கட்டடங்களுக்கு இந்தக் கேப்ஸ்யூல்களை வாங்கக் கூடாது என்று தடை போட்டதைச் சொன்னேன். “வெவரமானவனுவ” என்றார் மச்சான்.

அமெரிக்காவில் கியூரிக் என்ற கேப்ஸ்யூல் காபி மெஷினைக் கண்டுபிடித்த ஜான் சில்வனின் விஷயத்தையும் சொன்னேன். ஆபீஸ் காபிக்காக அதைச் செய்தவர், தன் பங்கை 1997-இல் ஐம்பதாயிரம் டாலருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அந்த வியாபாரம் எங்கேயோ போய்விட்டது. 2015-இல் ஒரு பேட்டியில், தன்னிடம் அந்த மெஷின் கிடையாது, செலவு கட்டுப்படியாகாது, சாதாரணமாக வடித்துக் குடிப்பதில் என்ன கஷ்டம் என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். மனைவி இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த அமெரிக்கர்களில் புத்திசாலி இவர் ஒருவர்தான்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னோம்: மெஷினை நீயே வாங்கி வைத்துக்கொள். இது கோபத்தில் சொன்னதல்ல. தனியாக ஒரு ஃபிளாட், காலையில் ஓட்டம், நாளைக்கு ஒரே கப், அதுவும் பாலில்லாத காபி. பால் வாங்கி வைத்தால் திரிந்துபோகும், டிக்காஷன் இறக்கினால் மூன்று நாள் கிடக்கும். அவளுக்கு அந்த ஐம்பது ரூபாய் நியாயமான விலை. வெளியே ஒரு கபேயில் உட்கார்ந்தால் அதைப்போல நாலு மடங்கு கொடுக்கிறாள். அவள் வாங்கிவிட்டாள், சந்தோஷமாக இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போகும்போது எங்கள் பையில் பில்டரும் தூளும் தவறாமல் இருக்கும்.

கடைசியாக சாயீ ஒரு சமாதானத் திட்டத்தோடு கீழே இறங்கி வந்தார். கையில் ஒரு சின்ன ஸ்டீல் கேப்ஸ்யூல். திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். நம் தூளையே உள்ளே போட்டு, லேசாக அமுக்கி, மூடியை மாட்டி மெஷினில் வைத்தால் டிக்காஷன் வரும். அப்புறம் சக்கையைத் தட்டிவிட்டுக் கழுவி வைத்துவிடலாம். கேப்ஸ்யூல் செலவு மிச்சம்.

மனைவி அதை வாங்கித் திறந்து பார்த்தாள். அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

“இது பில்டர்தான? மெஷின் என்னத்துக்கு?”

நான் மொழிபெயர்த்தேன். சாயீ அசரவில்லை. பில்டரைக் காட்டச் சொன்னார். கும்பகோணத்துப் பித்தளை பில்டரைக் கொண்டுவந்து வைத்தாள். மேல் பாத்திரத்தைக் கழற்றினார், மாட்டினார், கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தார்.

“கம்பெனிப் பேரே இல்லையே, அண்ணா?”

இல்லை என்றேன்.

“அப்ப கவலையே வேண்டாம்” என்றார். “எந்தப் பேர் போடணும்னு மட்டும் சொல்லுங்க.”