அரிசி இழுக்காத காசு

2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் காந்தியின் கண்ணாடி ஒன்று ஏலம் போனது. யாரோ அதை ஒரு கவரில் போட்டு, ஏலக்காரர்களின் தபால் பெட்டியில் பாதி உள்ளே பாதி வெளியே செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பதினைந்தாயிரம் பவுண்டு வந்தாலே அதிகம் என்று நினைத்தது 2,60,000 பவுண்டுக்குப் போயிற்று. நம்ம காசுக்கு இரண்டரைக் கோடி!

எங்கள் ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அந்த ஊர்க்காரன் நான். ஆனாலும் எனக்கு உறைத்தது இரண்டரைக் கோடி மட்டும்தான். பரணில் ஏறித் தாத்தாவின் கண்ணாடியைத் தேடினேன். ஒரு பக்கக் காது இல்லாமல் கிடைத்தது.

"உங்க தாத்தா உப்பு காய்ச்சப் போயிருக்கணும். அவரு மில்லுக்குல்ல போனாரு" என்றாள் மனைவி.

பழம்பொருள் ஆசை அதோடு போயிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது மறுபடி தலைதூக்கியது. பால்கோவாக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒருவர் துண்டை விரித்து, நடுவில் ஒரே ஒரு காசை வைத்திருந்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818.

"அண்ணாச்சி, சத்தம் போடாம கேளுங்க. இது அரிசியை இழுக்கும். இரிடியம் ஏறியிருக்கு."

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற வெள்ளை வேட்டிக்காரர் "ஐநூறு" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயிரம் என்றேன். அவர் ஆயிரத்து ஐநூறுக்குப் போனார். கடைசியில் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்: 2,300 ரூபாய்க்குக் காசு என் பையில். தோற்றுப்போன வேட்டிக்காரர் முகத்தில் அத்தனை வருத்தம். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அவரும் விற்றவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் கடலை தின்றபடி சங்கரன்கோவில் போய்க்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அம்மா முறத்தில் பொன்னி அரிசியைப் பரப்பினாள். நடுவில் காசு. கால் மணி நேரம் குனிந்து பார்த்தோம். ஓர் எறும்புதான் வந்தது. எட்டாவது படிக்கிற மகன் பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக் கொண்டுவந்தான். காசு டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. "செம்பு ஒட்டாதுப்பா" என்றான். பள்ளிக்கூடத்தில் தேவையில்லாததெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மனசு கேட்காமல் எதிர்வீட்டு வரலாற்று வாத்தியாரிடம் காட்டினேன். ரிட்டயர் ஆனவர். கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"கம்பெனிக்காரன் சென்னையில 1807 வாக்கில வெள்ளிக் காசு அடிச்சான். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். அது நிஜம். ராமர் போட்டு 1818னு அடிச்சதெல்லாம் நம்ம ஆளுங்க பட்டறையில அடிச்சது தம்பி."

கோபுரம் என்றதும் ஆண்டாள் கோயில் கோபுரமா என்று ஆவலாகக் கேட்டேன். அரசு முத்திரையில் இருப்பது எங்கள் பக்கத்துக் கோபுரம். மதுரைக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் விடமாட்டோம். எந்தக் கோயில் கோபுரம் என்று அந்தக் காசில் யாரும் எழுதி வைக்கவில்லை என்றார் வாத்தியார்.

பிறகு சட்டத்துக்கு வந்தார். நூறு வயது தாண்டிய தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972-ம் வருஷத்துச் சட்டம் விடாது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அது 1878-ம் வருஷத்துச் சட்டம், இன்னும் இருக்கிறது.

"என் காசுக்கு?"

"உனக்கு எந்தச் சட்டமும் கிடையாது. தாராளமா லண்டனுக்கே கொண்டுபோ."

பாத்திரக்கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பன்னிரண்டு ரூபாய். சரியென்று கிளம்பினால் அம்மா மறித்துவிட்டாள். "ராமர் இருக்காருடா, எடைக்கா போடுவ?" அன்றிலிருந்து அது பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள், குங்குமம் உண்டு.

பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். அரிசி கொண்டுவர வேண்டாம்.