எலும்பைக் கேளுங்கள்!

சீனாவின் ஷாங் அரசர்கள் வெறும் கட்டுக்கதை என்றார்களே, அவர்களுக்கு உயிர் கொடுத்தது யார்?

மருந்துக் கடைக்காரர்கள்! ‘டிராகன் எலும்பு’ என்று அவர்கள் விற்றவற்றில் பழைய எழுத்து இருப்பதை 1899-இல் அறிஞர் வாங் யிரோங் கண்டுகொண்டார். ஷாங் அரண்மனையில் மாட்டெலும்பையும் ஆமையோட்டையும் சூடாக்கி, விரிசலில் குறி பார்த்து, கேட்ட கேள்வியை அதிலேயே பொறித்திருந்தார்கள். 3,200 ஆண்டுக்கு முந்தைய கேள்வி-பதில்! அதிலிருந்த அரசர் வரிசை, ஆயிரம் ஆண்டுக்குப் பின் வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துப்போனது.

அங்கே பெண்கள் அடுப்படியில்தானே?

போர்க்களத்தில்! ராணி ஃபூ ஹாவோவோடு 13,000 பேர் படையெடுப்பது பற்றி எலும்புகள் பேசுகின்றன. 1976-இல் ஆன்யாங்கில், கொள்ளை போகாமல் கிடைத்த அவர் கல்லறையில் வெண்கலப் போர்க்கோடரிகளும் இருந்தன. அப்பேர்ப்பட்டவருக்குப் பெண் குழந்தை பிறந்ததை ‘நல்லதல்ல’ என்று குறித்ததும் அதே அரண்மனைதான்.