கடகம் பொத்தும் அவையில் கையும் வாயும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பனையோலைப் பன்னவேலை பற்றி அறிஞருலகம் வேண்டிய அளவு பேசிவிட்டது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கப்பட்டது. கைதடியில் பனைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பனையின் பயன்களை 801 என்று எண்ணிச் சொன்ன தால விலாசம் என்ற செய்யுள் நூலும் உண்டு. இத்தனைக்குப் பிறகும், பனையோலையை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் ஒன்றாகக் குந்தியிருந்து பேசும் பேச்சு எந்த ஆய்வுக்கும் பொருளானதாகத் தெரியவில்லை. 802 ஆவது பயனாகிய அதனை முறைப்படி பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஓலைக்கூடையாகிய கடகத்தை இறுக்குவது நார் மட்டுமல்ல, பேச்சும்தான் என்பது இதன் முடிபு. அவசரமுள்ள வாசகர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

2. ஆய்வின் எல்லை

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய நான்கு பகுதிகளும் ஆய்வுப் பரப்பினுள் அடங்கும். எந்தப் பகுதிக் கடகம் திறம் என்ற வினா ஆய்விலிருந்து வேண்டுமென்றே விலக்கப்பட்டுள்ளது. ஆய்வாளருக்கு நான்கு பகுதிகளிலும் சொந்தக்காரர் உண்டு. அவர் நல்லது கெட்டதுக்குப் போய்வர வேண்டியவர்.

கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, கொட்டைப்பெட்டி, திருகணை, உமல், தடுக்கு, பாய், பனங்கட்டிக் குட்டான் ஆகியன ஆய்வுப் பொருள்கள். கிடுகு பின்னுதல் சேர்க்கப்படவில்லை. அது தென்னையைச் சார்ந்தது. அங்கே நடக்கும் பேச்சுக்குத் தனியாக ஓர் ஆய்வு தேவை.

3. முறையியல்

தொடக்கத்தில் கொப்பியும் பேனாவுமாக நேரடி அவதானிப்பு முறை கையாளப்பட்டது. கொப்பியைக் கண்டதும் அவையினர் கோயில் கொடியேற்றம் பற்றியும் மழை பற்றியும் மட்டுமே பேசினர். இத்தரவுகள் ஐயத்துக்கிடமின்றி உண்மையானவை, ஆனால் பயனற்றவை. எனவே ஆய்வாளர் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். ஓலை வாரத் தெரியாதவர் என்பதால் ஓலைக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. வேலை செய்பவனுக்கு முன்னால் எதையும் பேசலாம் என்பது அவையின் எழுதாத சட்டம். அதன் பின் தரவுகள் தாமாகவே வந்து குவிந்தன. அவற்றுட் பெரும்பகுதி அச்சிடத் தக்கதன்று.

4. கண்டறிவுகள்

4.1 ஓலையின் பதமும் அவை கூடும் பொழுதும்

வெட்டி எடுத்த குருத்தோலையை வெயிலில் காயவைத்து, பனியிலே போட்டுப் பதமாக்குவார்கள். காய்ந்த ஓலை உச்சி வெயிலில் முறுகி நிற்கும், மடித்தால் வெடிக்கும். காலைக் குளிரிலும் பொழுது சாய்ந்த பின்பும் அது சொன்னபடி வளையும். ஆகவே இழைப்பதற்கு ஏற்ற வேளை ஒன்றில் விடியற்காலை, அல்லது மாலை. விடியற்காலையில் அடுப்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காத்திருப்பதால் மாலையே எஞ்சுகிறது. அயல் வீட்டு மாமியும் மச்சாளும் கை ஓய்ந்து இருப்பதும் அந்த வேளையில்தான்.

இதிலிருந்து பெறப்படுவது: பெண்கள் வம்பளக்கக் கூடுகிறார்கள் என்று படலையடியில் நின்று முணுமுணுக்கும் ஆண்கள் தாவரவியல் அறியாதவர்கள். கூட்டத்தைக் கூட்டுவது ஓலையிலுள்ள ஈரம்.

4.2 வேலைப் படிகளும் பேச்சு வகைகளும்

ஒரு கடகம் உருவாகும் படிகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் உரிய பேச்சு வகை உண்டு என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு.

(அ) வார்தல். சத்தகத்தால் ஓலையை ஒரே அகலத்துக்குக் கீறி எடுப்பது. கண் கத்தியிலே இருக்க வேண்டியதால் வசனம் நீளாது. மண்ணெண்ணெய் விலை, மீன் விலை, “ஓம்”, “அப்பிடியே?” என்பவற்றுடன் நின்றுவிடும்.

(ஆ) இழைத்தல். தொடக்கத்தைக் காற்பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே விட்டு அடியைப் பரப்புவது. பழகிய கைக்கு இதில் மூளை வேண்டியதில்லை. வேலையற்ற மூளை வாய்க்கு வந்து சேரும். கலியாணப் பேச்சு, சீதனக் காணி, வேலி அரக்கிய வழக்கு, கனடாவிலிருந்து வந்து நின்றவர்கள் கொண்டுவந்ததும் கொண்டுபோனதும் யாவும் இந்தப் படியிலேயே விரிவாக ஆராயப்படுகின்றன.

(இ) மூலை திருப்புதல். கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். சதுரத்தை வட்டமாக்கும் இந்தக் கேத்திரகணிதம் மூலையிலேதான் தொடங்குகிறது. தட்டையாகக் கிடந்த இழை இங்கேதான் எழுந்து சுவராக வேண்டும். ஓர் ஓலை தப்பினாலும் கடகம் ஆயுளுக்கும் ஒருக்களித்து நிற்கும். அவை முழுவதும் வாய் மூடியிருக்கும் ஒரே வேளை இது. எவ்வளவு சுவையான கதையும் மூலைக்காக இடைநிறுத்தப்படும். மூலை திரும்பியதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும்.

(ஈ) பொத்துதல். விளிம்பிலே சத்தகத்தின் கூர்முனையால் துளையிட்டு, நாரைச் செலுத்தி, இழுத்து இறுக்குவது. இழைக்கும்போது விரிந்த கதைகளுக்கெல்லாம் தீர்ப்பு இந்தப் படியிலேயே வழங்கப்படும். “அவள் செய்ததிலை என்ன பிழை?” - ஓர் இழுப்பு. “அவன்தான் வந்து கேட்டிருக்கவேணும்.” - இன்னோர் இழுப்பு. நார் இறுகியபின் மேன்முறையீடு கிடையாது.

4.3 மடி பார்க்கும் விதி

புதுமை எங்கிருந்து வருகிறது என்பது கலையியலாரை நெடுங்காலமாக வாட்டிவரும் வினா. குடாநாட்டில் அதற்கு விடை உண்டு: அடுத்தவரின் மடியிலிருந்து.

ஒருத்தி சாயம் போட்டு அவித்த ஓலை ஒன்றை வெள்ளோலைக்கிடையே விட்டு இழைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அடுத்த கிழமை அவளுடைய பெட்டியில் அதே நிறம் இரண்டு ஓலையாக வரும். மூன்றாமவள் அதைக் குறுக்காகத் திருப்புவாள். நாலாமவள் கணக்குத் தப்பி ஒன்று போடுவாள். அதுதான் எல்லாவற்றிலும் வடிவாக அமைந்துவிடும். பிறகு அது யாருடைய வடிவம் என்று கேட்டால் நாலு பேரும் மற்ற மூவரைக் காட்டுவார்கள். காப்புரிமைச் சட்டம் இங்கே கைகட்டி நிற்கிறது.

ஆய்வாளர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கேட்ட உரையாடல் ஒன்று:

“எணை ஆச்சி, எனக்கு இது திரும்புதில்லை.”

“அவசரப்படாதை பிள்ளை. ரண்டு ஓலையைக் கழட்டு. எங்கை, என்ரையைப் பார்.”

“உங்கடையும் கோணலாத்தானே கிடக்கு.”

“அது கோணலில்லையடி. அப்பிடித்தான் நான் போடுறனான்.”

தவறு நடையாக மாறும் கணத்தை இதைவிடத் துல்லியமாக எந்த அழகியல் நூலும் விளக்கியதில்லை.

4.4 ஒப்பியல் நோக்கு

அமெரிக்கப் பெண்கள் துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைப்பதற்கெனக் கூடும் வழக்கம் பழையது. அலபாமா மாநிலக் கறுப்பினப் பெண்கள் 1966 இல் அதையே ஒரு கூட்டுறவாக்கி வருமானம் தேடினர். அவ்வட்டாரத்து ஜீஸ் பெண்ட் ஊர்ப் போர்வைகள் 2002 இல் நியூயோர்க் விற்னி அருங்காட்சியகச் சுவர்வரை ஏறின. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் இதே குடும்பம்தான்.

அந்த அமெரிக்காவிலிருந்து மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். அங்கே எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. வட்டமாக இருந்து கைவேலை செய்தபடி பேசுவதை மட்டும் அவர்கள் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாடத்தில் மாணவிகளின் ஆச்சிமார் முன்னரே தேறியிருந்தனர்.

ஒரு நுணுக்கமான வேறுபாடு கவனிக்கத்தக்கது. பழைய அமெரிக்க முறையில் சட்டத்திற் கட்டிய ஒரே போர்வையைப் பலர் சூழ்ந்திருந்து தைப்பார்கள்: பல கை, ஒரு பொருள். குடாநாட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கடகம்: பல கை, பல பொருள், ஒரே பேச்சு. இக்காலத்தில் மேல்நாட்டுப் பெண்கள் தத்தம் தையல் மெசினைக் காரில் ஏற்றிக்கொண்டு, வீட்டை விட்டு இரண்டு மூன்று நாள் ஏதாவது விடுதியில் தங்கித் தைத்துப் பேசிவிட்டு வருகிறார்களாம். ஆளுக்கொரு வேலை, எல்லோருக்கும் ஒரு கூடம். அதாவது, காசு கட்டி அவர்கள் சென்றடைவது நம்மூர்த் திண்ணையை.

5. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு 1: பிளாஸ்ரிக் பேசின் வந்தபிறகு கடகம் யாருக்கு வேண்டும்? உண்மை. கடகம் சுமந்த மண்ணையும் நெல்லையும் இன்று வேறு பாத்திரங்கள் சுமக்கின்றன. ஆனால் நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டின் வாசம் அலுமினியக் குழலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. கடகமும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. புலம்பெயர்ந்தோரின் வரவேற்பறையில், ஒன்றும் போடாமல், கண்ணாடி அலுமாரிக்குள் அது ஓய்வூதியம் பெறுகிறது.

மறுப்பு 2: இப்போது பயிற்சி நிலையங்களிலே பெண்களைக் கூட்டிப் பன்னவேலை பழக்குகிறார்களே, பழைய திண்ணை எதற்கு? பயிற்சி நல்லது; சம்பளம் இன்னும் நல்லது. ஆய்வாளர் அத்தகைய ஒரு நிகழ்வுக்கும் போனார். பெயர் வேண்டாம். சுவரிலே பதாகை, வரிசையாகக் கதிரை, வரவுப் பதிவேடு, இடைவேளைக்கு றோல்ஸும் தேத்தண்ணியும். குறை ஒன்றே: கதிரையில் இருந்தால் காற்பெருவிரல் ஓலைக்கு எட்டாது, வரிசையில் இருந்தால் பக்கத்து மடி தெரியாது. விரல் எட்டாவிட்டால் இழை தளரும், மடி தெரியாவிட்டால் வடிவம் பரவாது. தேத்தண்ணி முடிந்ததும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதிரையை விட்டு நிலத்தில் இறங்கி வட்டமாகினர். பழக்க வந்த வளவாளர் தமது உரையை அத்துடன் முடித்துக்கொண்டது அவருடைய அறிவுக்குச் சான்று.

மறுப்பு 3: பேச்சு வேலையைக் கெடுக்காதா? தனியே இருந்து இழைப்பவள் களைத்ததும் எழுந்துவிடுவாள். கூட இருப்பவள் கதை முடியாமல் எழும்ப மாட்டாள். கதையோ முடிவதில்லை.

6. விதப்புரைகள்

ஒன்று: பன்னவேலை பழக்கும் இடங்களில் கதிரைகளை அகற்றிப் பாய் விரிக்க வேண்டும். அந்தப் பாயும் அங்கேயே இழைத்ததாக இருத்தல் நலம்.

இரண்டு: அவைக்கு நிகழ்ச்சிநிரலோ தலைவரோ வேண்டாம். சத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவரே அப்போதைக்குத் தலைவர்.

மூன்று: ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று விசாரித்து ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுக்கும் போட்டிகளைத் தவிர்க்க வேண்டும். கொடுத்தால் வட்டத்துக்கே கொடுக்க வேண்டும்.

நான்கு, எல்லாவற்றிலும் முக்கியமானது: சந்தையிலோ கடையிலோ கடகம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்க்கும் வாசகர், தயவுசெய்து விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. அந்த விலையில் அடங்கியிருப்பவை ஓலையும், நாரும், சாயமும், கைக்கூலியில் ஒரு பங்கும் மட்டுமே. பேச்சுக்கு எவரும் இன்னும் கணக்குப் போடவில்லை. அது உங்களுக்கு இலவசமாகவே வருகிறது.