ராகுகாலத்தில் பயாஸ்

கம்ப்யூட்டரின் பயாஸை அப்டேட் செய்யப் போனால் திரையில் முதலில் ஓர் எச்சரிக்கை வரும்: வேலை முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். எழுதிய புண்ணியவான் கொடைக்கானல் மலையில் எங்கள் வட்டக்கானல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இங்கே மின்சாரத்தைத் துண்டிப்பது நாங்களா? சீகை மரம் துண்டிக்கும், தைலமரம் துண்டிக்கும், டால்பின் நோஸ் பள்ளத்திலிருந்து ஏறிவரும் காற்று துண்டிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தபோது சாய்ந்த மரங்களை இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் ஊர்க்கதையாகப் பேசுகிறார்கள்.

“லேப்டாப் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே?” என்பது வீட்டில் நிரந்தரக் கேள்வி. லேப்டாப் விவரமான பிள்ளை. வயிற்றிலேயே பேட்டரி இருந்தும், சார்ஜர் சொருகாவிட்டால் பெரும்பாலும் அப்டேட்டையே தொடங்காது. டெஸ்க்டாப் அப்பாவி. கேட்டவுடன் தலையைக் கொடுத்துவிடும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். மதர்போர்டு கம்பெனிகளே, இருக்கும் பயாஸால் தொந்தரவு இல்லையென்றால் தொடாதே என்றுதான் சொல்கின்றன. ஆனால் என் போர்டு 2018-இல் வந்த ரகம். அதில் ரைசன் 2000 வரிசை பிராசஸர். 2020 நவம்பரில் வெளிவந்த 5000 வரிசை இப்போது என் சட்டைப்பைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் ஏஎம்4 சாக்கெட்தான், கால்கள் கச்சிதமாக உட்காரும். பழைய பயாஸுக்கு மட்டும் புது முகம் தெரியாது. ஆகவே பழைய பிராசஸரை வைத்தே பயாஸை மாற்றிவிட்டு, பிறகுதான் புதியதை ஏற்ற வேண்டும். ஓய்வுபெறும் மணியக்காரர் தன் கையாலேயே சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிற மாதிரி. இதில் ஒரு கொடுமையும் உண்டு: பல போர்டுகளில் பயாஸ் குடியிருக்கும் சிப்பின் கொள்ளளவு 16 எம்பிதான். புதியவர்களுக்கு இடம் போதாமல், சில அப்டேட்டுகளில் பழையவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். எட்டுக் கால் வைத்த, சுண்டுவிரல் நகமளவு சிப் ஒன்று. அதில் இருப்பதை அழித்து, புதியதை எழுதி, சரியாக எழுதினோமா என்று படித்துப் பார்க்க வேண்டும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவில் கரண்ட் போனால் விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களில் வேண்டுமென்றே செய்த வேலையை, இங்கே ஒரு சீகைக் கொப்பு விளையாட்டாகச் செய்துவிடும். பிறகு அந்தச் சிப்பைக் கிளிப் மாட்டி எழுதித் தர ஆள் தேடி மதுரைக்கு இறங்க வேண்டும்.

சில போர்டுகளில் பின்பக்கம் ஒரு பட்டனே இருக்கிறது, பிராசஸர்கூட வேண்டாம். பென் டிரைவில் ஃபைலின் பெயரை மட்டும் அது கேட்கிறபடி மாற்ற வேண்டும். எம்எஸ்ஐ-க்கு ஒரு பெயர், கிகாபைட்டுக்கு இன்னொரு பெயர். என் போர்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எனவே முறைப்படி ஏற்பாடுகள். போர்டின் மூலையில் அச்சிட்ட மாடலையும் ரிவிஷன் எண்ணையும் டார்ச் அடித்துப் படித்தேன். ரிவிஷன் மாறினால் ஃபைலும் மாறக்கூடும். பென் டிரைவுக்கு ஃபேட்32. பழைய செட்டிங்ஸை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டேன், அப்டேட்டுக்குப் பின் அவை இருக்காது. யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறதென்று பார்த்தேன். குளிரில் ஈய பேட்டரி ஏட்டில் உள்ளதைவிடச் சீக்கிரம் மூச்சை விட்டுவிடும். வட்டக்கானல் யூபிஎஸ்ஸை வாங்கிய கடையின் வாக்கை வைத்து நம்பக் கூடாது.

கடைசியாக லைன்மேன்.

“தம்பி, இன்னைக்கு கரண்ட் நிக்குமா?”

“அதை நான் எப்படி சார் சொல்றது? மரம்ல சொல்லணும்.”

அன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து அலைக்கழித்த காற்று மூன்று மணிக்கு அடங்கியது. மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். “நாலரைக்கு மேல ஆரம்பிங்களேன்” என்றாள் மனைவி. நாலரைக்கு மேல் எங்கள் மலையில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்து வருகிறார்கள். மேகம் விலகுகிற நேரத்தை ராகுகாலம் என்று அவர்கள் விட்டிருந்தால் அங்கே எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் எதைக் கண்டுபிடித்திருப்பார்? இதை உரக்கச் சொல்லவில்லை. எனக்கும் ராத்திரிச் சாப்பாடு வேண்டும்.

ஓட விட்டேன். அறுபது சதவீதம் தாண்டுகையில் டியூப்லைட் அணைந்தது. யூபிஎஸ் கீச்சென்று கத்தியது. மனைவி ஒன்றும் பேசவில்லை; காலண்டரை மட்டும் பார்த்தாள். நூறைத் தொட்ட பின்னும் நிம்மதி இல்லை: தானாக அணைந்து எழுந்து, மெமரியைப் பரிசோதித்துக்கொண்டு, நெடுநேரம் கறுப்புத் திரையைக் காட்டும். பதறி பட்டனை அமுக்குகிறவர்கள் அமுக்குவது இந்த இடத்தில்தான். நான் கைகளைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டேன்.

எழுந்தது. மறுநாள் புது பிராசஸரை ஏற்றியதும் விண்டோஸ் பிட்லாக்கர் சாவியைக் கேட்டது. வட்டைப் பூட்டிய ரகசியம் பழைய பிராசஸரோடு போய்விட்டது. சாவி என்பது 48 இலக்கம். முன்கூட்டியே பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வோர் இலக்கமாக உள்ளிட்டு வேலையை முடித்தேன். நோட்டு வழக்கம்போல வாசல் ஜன்னலுக்குப் போனது.

மாதக் கடைசியில் அதைப் புரட்டிய பால்காரர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். விரல் வைத்து இடமிருந்து வலமாக எண்ணினார்.

“சார், பாக்கியை ஒரேயடியா கொடுக்கணும்னு இல்ல. முடிஞ்சதக் கொடுங்க.”