தாமத இலக்கணம்: வல்லம் வழக்கு

மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டல், மறதி, சோம்பல், தூக்கம் என நான்கோடு கணக்கை முடித்துக்கொண்டார் வள்ளுவர். செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில், வல்லம் பக்கம் ஒரு வாரம் தங்கியிருந்தால் நான்கு போதாதென்று அவருக்கே பட்டிருக்கும்.

தாமதம் மூவகைப்படும்: காலால் வருவது, வாயால் வருவது, காகிதத்தால் வருவது.

காலால் வருவதில், ஆடி அசைந்து வருதல் மாப்பிள்ளைக்கும் கரும்பு டிராக்டருக்கும் பொது. மசமசவென்று நிற்றலில் இயக்கமே இல்லை, இதில் சேருமா? கல்யாணப் பந்தியில் இலை போடும் நேரத்தில், தண்ணீர் ஜக்கோடு நடுவழியில் நிற்பவனைப் பார்த்து அத்தை அதட்டும் சொல் அது. நடக்க வேண்டியவன் நடக்காத குற்றம் என்று கொண்டு சேர்த்தேன்.

வாயால் வருவதில் தலையாயது 'வந்துகினே இருக்கேன்'. வடிவத்தில் நிகழ்காலம்; ஆள் இன்னும் குளிக்கவில்லை. 'எங்க வர்ற?' என்று மடக்கினால் 'தோ, கூட்டேரிப்பட்டு' என்பார். போனில் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். மென்று விழுங்குதல் கடன் கேட்பவர்க்கும் கடனைத் திருப்பித் தராதவர்க்கும் உரியது. மீனமேஷம் பார்த்தலுக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை.

காகித வகையே வளமானது. இழுத்தடிக்க ஆள் வேண்டும். கிடப்பில் போட அலமாரி போதும். ஆறப்போடுதலும் ஊறப்போடுதலும் ஒன்றென்று மயங்கக் கூடாது: முன்னது விவகாரத்தின் சூடு தணிய, பின்னது மனு கொடுத்தவர் நைந்துபோக. 'நாளைக்கு வாங்க' என்பதில் நாளை காலப்பெயர் அன்று, இடக்கரடக்கல்.

இவ்வகைக்கு எடுத்துக்காட்டு, செஞ்சி வழியாகச் செல்லவேண்டிய திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில்பாதை. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. நீளம் சுமார் 70 கிலோமீட்டர். மாட்டு வண்டியே மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிடும். அறிவிப்பு வந்தபோது பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடத் தொடங்கிவிட்டார்கள். நிதி சொற்பமாக வந்தது, நிலம் எடுப்பது நீண்டது என்று காரணங்கள் உண்டு. ஆனால் எந்தச் சொல்லில் அடக்குவது? இழுபறி என்றால் எதிர்ப்பக்கம் இழுக்க ஒருவர் வேண்டும். இந்தப் பாதையை வேண்டாமென்று செஞ்சியில் யாரும் சொல்லவில்லை. மெத்தனம் என்றால் யாருடையது என்று கேட்பார்கள். ஆகவே கிடப்பு என்றே கொண்டேன்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போக இன்றைக்கும் பஸ்தான்.