உலங்கு வானூர்திப் பயணியும் சாளரமும்: வெருகலை முன்வைத்து ஓர் ஆய்வு

பறந்துகொண்டிருக்கும் உலங்கு வானூர்திக்குள் உட்கார்ந்திருப்பவரைப் படம் பிடிப்பது எப்படி என்று தமிழ் ஆய்வுலகம் இன்னும் கவலைப்படத் தொடங்கவில்லை. அந்தக் கவலையை இக்கட்டுரையாளன் தனியாளாகத் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஆய்வுக்களம் வெருகல். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையொன்று கடலைச் சேரும் ஊர். இங்கே விமான நிலையம் கிடையாது. பாலம் வரும் வரைக்கும் ஆற்றைக் கடக்கப் படகுப் பாதைக்காகக் காத்துக் கிடந்த ஊர் இது. ஆனால் ஆறு பெருகிவிட்டால் வடக்கே சீனன்குடா விமானப்படைத் தளத்திலிருந்து கொட்டியாரக்குடாவைத் தாண்டி ஒரு ஹெலி வந்துவிடும். ஆகவே ஹெலியை அடிப்பக்கமாகப் பார்ப்பதில் இவ்வூராருக்கு நிகர் இவ்வூரார்தான். உள்ளே இருந்தவர் முகத்தைப் பார்த்தவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

முதலில் வரலாறு. 1858இல் பிரான்சில் நாடார் என்பவர் பலூனில் ஏறி, பாரிசுக்கு அருகே ஒரு கிராமத்தை மேலிருந்து படம் பிடித்தார். (பெயரைக் கண்டு நாகர்கோவில் பக்கம் சொந்தம் தேட வேண்டாம், அது புனைபெயர்.) உலகின் முதல் ஆகாயப் படம் அதுதான் என்பார்கள். அதில் ஊர் இருந்தது, நாடார் இல்லை. பலூன் கூடைக்குள் தாம் நிற்கும் படமும் அவருக்குத் தேவைப்பட்டது. அதைத் தம் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு கூடையில் ஏறி நின்று எடுத்துக்கொண்டார். ஆக, ஆகாயப் பயணியின் படம் என்ற கலை தரையில்தான் வளர்ந்தது. இது இவ்வாய்வின் முதற் கருதுகோள், பின்னால் உதவும்.

நம்முடைய சான்று இன்னும் பழையது. கோணமலையில் இராவணன் வெட்டைக் காட்டும் மாவட்டமல்லவா இது. அவன் வான்வழியே கொண்டுபோன பயணி, தன் நகைகளை முடிந்து கீழே போட்டாள், குரங்குகள் பத்திரப்படுத்தின, பிறகு அதுவே தடயமாயிற்று. இன்றைய விமானி இதற்கு இணங்கவே மாட்டார். கதவு திறந்த ஹெலியில் லென்ஸ் மூடிகூடக் கைநழுவக் கூடாது. அது பறந்துபோய் வால் சுழலியில் பட்டால் எல்லோருக்கும் கஷ்டம். எனவே கமராவுக்கு ஒரு வார், ஆளுக்கு ஒரு வார். வாரும் முழுப் பாதுகாப்பல்ல. 2018 மார்ச் 11 அன்று நியூயோர்க்கில், கதவைத் திறந்துவைத்துப் படம் எடுக்கப் பறந்த ஒரு ஹெலியில், பயணியைப் பிணைத்திருந்த வாரே எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் சிக்கிக்கொண்டது. ஹெலி ஈஸ்ட் ஆற்றில் விழுந்தது. பயணிகள் ஐவரும் இறந்தார்கள். இதில் பகடி செய்ய ஒன்றுமில்லை. அடுத்த பத்திக்குப் போவோம்.

ஒளியியல். வெள்ளத்தைப் பார்வையிடப் பிரமுகர் ஏறும் ஹெலிக்குள் இருட்டு, வெளியே வெளிச்சம். கமரா இரண்டில் ஒன்றுக்குத்தான் விசுவாசமாக இருக்கும். முகத்துக்கு ஒளியளவு வைத்தால் சாளரம் வெளுத்துப்போகும். வெள்ளத்துக்கு வைத்தால் பிரமுகர் கறுத்துப்போவார். சரி, பிளாஷ் போடலாமென்றால், அது அக்ரிலிக் சாளரத்தில் பட்டுத் திரும்பி வெள்ளத்தின் நடுவே இன்னொரு சூரியனை உதிக்கவைக்கும். பிரதிபலிப்பை அடக்கப் போலரைசர் மாட்டியவருக்கு வேறு தண்டனை: அக்ரிலிக்கில் தேங்கியிருக்கும் அழுத்தமெல்லாம் வானவில் பட்டைகளாகத் தெரியும், நாசமான வயல் கலர்கலராகச் சிரிக்கும். கறுப்பு உடுப்பு போட்டு ஏறுங்கள், கண்ணாடியில் நிழல் விழாது என்பார்கள் அனுபவசாலிகள். நம் பிரமுகர்களோ பாலத் திறப்பு தொடக்கம் வெள்ளம் வரைக்கும் தும்பை வெள்ளைதான். எனவே சாளரத்தில் முதலில் தெரிவது சட்டை, பிறகு சட்டைப்பை, பிறகுதான் மக்கள்.

அடுத்தது குலுக்கம். இலங்கை விமானப்படை ஓட்டும் பெல் 212இன் மேற்சுழலி நிமிடத்துக்கு 324 சுற்று சுற்றும். தகடு இரண்டு, ஆகவே நொடிக்கு ஏறக்குறைய 11 உதறல். படமெடுப்பவர் வசதியாக முழங்கையைச் சாளரச் சட்டத்தில் ஊன்றினால் அவ்வளவும் கமராவுக்குள் இறங்கும். உடம்பைத் தளர்த்தி, கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்து, எதிலும் சாயாமல் எடுக்க வேண்டும். இந்த இரைச்சலில் "கொஞ்சம் சிரியுங்கோ ஐயா" என்றால் ஐயாவுக்குக் கேட்காது. ஹெட்செட்டில் சொன்னால் விமானியும் சேர்ந்து சிரிப்பார். தவிர, வெள்ளத்தைப் பார்க்கும்போது சிரிக்கக் கூடாது என்பது பல அமைச்சர்களுக்குத் தாமதமாகவே நினைவுக்கு வருகிறது.

முகமும் வெள்ளமும் ஒரே படத்தில் ஒழுங்காக விழுவது கஷ்டம் என்று இயற்பியல் சொல்கிறது. அரசியலுக்கு இரண்டும் வேண்டும். இந்த இழுபறிக்கு உலகப்புகழ் பெற்ற உதாரணம் சென்னைதான். 2015 டிசம்பர் 3ஆம் தேதி இந்தியப் பிரதமர் மோடி வெள்ளத்தை வான்வழியே பார்வையிட்டார். அவர் சாளரம் வழியே பார்க்கும் படத்தை இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. சாளரத்துக்கு வெளியே வீடுகளும் வெள்ளமும் அப்படியொரு துலக்கம். சற்று நேரத்தில் அசல் படமும் சுற்றத் தொடங்கியது. அதில் வெளியே எல்லாம் மங்கல். இரண்டு படங்களை ஒன்றாக இணைத்துவிட்டார்கள் என்று தெரிந்து, படம் நீக்கப்பட்டது, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. எல்லோரும் அந்த அலுவலகத்தைத் திட்டினார்கள். இக்கட்டுரையாளன் மட்டும் அனுதாபப்படுகிறான். ஒளியளவின் விதியை ஓர் அலுவலர் மேசையிலிருந்தபடியே வெல்லப் பார்த்திருக்கிறார்; நாடார் ஸ்டூடியோவில் செய்ததும் வேறென்ன?

படம் சுத்தமாக விழுந்தாலும் தப்ப முடியாது. 2005 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்க அதிபர் புஷ், கத்ரீனா மூழ்கடித்த நியூ ஓர்லியன்சைத் தம் விமானச் சாளரம் வழியே பார்த்தார். அந்தப் படத்தில் ஒட்டுவேலை எதுவுமில்லை. அது பெரிய தவறு என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொள்ள வேண்டிவந்தது.

இனிக் களப்பணி. ஹெலிப் பயணிகளை ஆசனத்தை வைத்து அல்ல, பார்வையை வைத்தே வகுக்க வேண்டும். பிரமுகர் வெளியே பார்ப்பார், சுட்டுவிரல் நீண்டிருக்கும், விரலின் திசையில் பக்கத்து அதிகாரியின் பார்வை இருக்கும். மீட்கப்பட்டவர் தன் மடியைப் பார்ப்பார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர் பாய்ந்தபோது விமானப்படை ஹெலிகள் ஆட்களை ஏற்றின. அப்படி ஏறுபவர் மடியில் பிள்ளை இருக்கும், அல்லது அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் போட்டுக் கட்டிய ஷொப்பிங் பை இருக்கும். அதை இறுக்கிப் பிடித்த கைக்கு எதையும் சுட்டிக்காட்ட நேரமில்லை. சாளரத்துக்கு வெளியே தன் வீடுதான் போய்க்கொண்டிருக்கிறது என்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில் வீதியில் கச்சான் விற்கும் அம்மா ஒருவர் முதன்மைத் தகவலாளர். ஹெலிக்குள் இருந்தவர்களைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

"எங்க மகன் பாத்த? சண்டக் காலத்தில சத்தம் கேட்டா மரத்துக்குக் கீழ பூந்திருவம். இப்பதான் நிண்டு கைகாட்டுறம்."

"அவங்க திருப்பிக் கைகாட்டுவாங்களா?"

"அவங்க படம் எடுக்கிறவரப் பாத்துக்கொண்டிருப்பாங்களாக்கும்."

ஒரு ரூபாய்க்குக்கூடக் கச்சான் வாங்காத ஆய்வாளனுக்கு இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றுதான். ஆவணித் திருவிழாவில் கோயில் வீதிக் கடைகளோடு கடையாக ஒரு பலகை ஹெலி நிறுத்தப்பட வேண்டும். சாளரம் வெட்டியிருக்கும், கண்ணாடி இருக்காது. ஆகவே வெள்ளைச் சட்டைக்குத் தடையில்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு மின்குமிழ். ஒளியளவுப் பிரச்சினை தீர்ந்தது. வெளியே தொங்க மூன்று திரைகள்: வயலில் வெள்ளம், வீதியில் வெள்ளம், கூரைமட்டும் வெள்ளம். பிரமுகர்கள் மார்கழி வரைக்கும் காத்திருக்காமல் ஆவணியிலேயே பார்வையிட்டு முடிக்கலாம். மிச்சமாகும் எரிபொருளோடு அசல் ஹெலி, ஆட்களை ஏற்றப் போகலாம். ஹெட்செட் வாடகை தனி. பலகையைப் பிடித்து ஆட்ட இரண்டு பொடியன்களைப் பேசியாயிற்று. நொடிக்குப் பதினொரு ஆட்டு என்றதும் ஆளுக்கு இரட்டைச் சம்பளம் கேட்கிறார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது.