வேலி இடுக்கில் ஒரு சொல்

கேள்வி: ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பார்ப்பதற்கே ஏகப்பட்ட சொற்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: 'மிரு'விலிருந்து. மிரு என்றால் பார்; மிரள வேண்டாம். நாம் 'சாப்பிட்டுப் பார்ப்பது' போலவே அவர்களும் 'தபேதே மிரு' என்கிறார்கள். சாப்பிட்டு, பார், அதே வரிசை! நாக்குக்குக் கண் வைத்த மொழிகள் இரண்டும். நோயாளியை டாக்டர் பார்ப்பதும் மிருதான், எழுத்து மட்டும் வேறு. அருகிருந்து பணிவிடை செய்யும் 'மிரு'வுக்கான எழுத்தில் கண்ணுக்கு மேல் ஒரு கை இருக்கிறது. எவ்வளவு கனிவான எழுத்து!

எட்டிப் பார்க்க 'நொஸொகு'. சாவித்துவாரத்தில் கண் வைப்பவருக்கும் மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பவருக்கும் இந்த ஒரே வினைதான்.

கூச்சமில்லாமல் உற்றுப் பார்த்தால் 'ஜிரோஜிரோ'. நம் இரட்டைக்கிளவிக்கு அங்கே உறவுக்காரர்கள் ஏராளம்.

என் மனம் கவர்ந்தது 'கைமாமிரு'. வேலி இடுக்கில் பார்த்தல் என்பது அதன் வேர்ப்பொருள். அக்கால அரண்மனைப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள். முகம் தெரிய இடுக்குதான் வழி. 11-ஆம் நூற்றாண்டில் முராசாகி ஷிகிபு எழுதிய 'கெஞ்சி' கதையில், சிட்டுக்குருவி பறந்துவிட்டதே என்று அழும் சிறுமியை நாயகன் வேலி வழியாகத்தான் முதலில் காண்கிறான்.

பெண் பார்க்கும் சடங்குக்கு 'மியாய்'. மி என்றால் பார்வை, ஆய் என்றால் ஒருவரையொருவர். நம் சொல்லில் பெண்ணைப் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லில் பெண்ணும் பார்க்கிறாள்.